கந்தப்பளைக்கும் ராகலைக்கும் நடுவில் ஒரு கிராசிங்

சனி 8
காலையிலிருந்து தூறல். ட்யூட்டி இல்லை. சிவநேசன் சேரோடு கந்தப்பளையிலிருந்து ராகலைப் பக்கம் நடை. சேர் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம். தண்டவாளம் கழற்றிய சின்ன ரயில் பாதையைப் பற்றி அவருக்குச் சொன்னதே நான். பழைய நேர அட்டவணை நகலும் என்னுடையது. அதில் போகிற ரயிலும் வருகிற ரயிலும் ஒரே இடத்தில் 10.40. இரண்டும் விலகிப் போன அந்தக் கிராசிங் எங்கே? நாலு வருடத் தேடல். பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பர் நான். நிமிடத்தை மைலாக்கத் தெரியும். என் கணக்குப்படி தேயிலை ஃபெக்டரி வளைவு. போனால் வெறும் லீக்ஸ் காய்கறித் தோட்டம்.

சேர் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த லெட்சுமி அக்காவிடம் கேட்டார். "ரயில் மேடையா? அந்தா, நாங்க கொழுந்து நிறுக்கிற எடந்தாங்க."

கருங்கல் மேடை, பாசி மூடி. இதுதான் கிராசிங் என்றார் சேர். இந்த அக்காவை வாரம் இரண்டு தடவை பஸ் ஏற்றி அனுப்புகிறவன் நான். ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. சிரித்து வைத்தேன்.

ஞாயிறு 9
மழை. சீனி, சவர்க்காரம் வாங்கவேண்டும்.
அட்டவணையின் கடைசித் தாள், மங்கல் எழுத்து. போன் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். கிராசிங் மேடையடியில் இல்லை. ராகலைப் பக்கம் கால் மைல் தள்ளி, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த தொட்டியடியில். ஆக, சேர் கண்டது வெறும் மேடை. துள்ளாத குறை.
பின்னேரம் சேரிடமிருந்து போன். வேறு தாள் ஏதும் இருக்கிறதா என்று. இல்லை என்றேன்.

புதன் 12
பள்ளிக்கூடத்தில் கூட்டம். சேர் வரைபடம் போட்டு விளக்கினார். நல்ல கைதட்டல். லெட்சுமி அக்காவுக்கு முன்வரிசை நாற்காலி. நான்? 'அட்டவணை தந்துதவிய டைம்கீப்பர்.' பேர்கூட இல்லை. மேடையடியில் 'கிராசிங்' என்று பலகை நடப்போகிறார்களாம். நடட்டும், தப்பான இடத்திலேயே.
வீட்டில் மனைவி: "சோறு ஏங்க அப்படியே இருக்கு?"

வெள்ளி 14
வெயில். பத்து மணி போல சேர் ஸ்டாண்டுக்கு வந்தார், பலகை வாசகத்தோடு. கண்டுபிடித்தவர்கள்: முதலில் லெட்சுமி அக்கா, அடுத்து நான், கடைசியில் அவர்.
"பேர் சரியோ எண்டு பாருங்கோ. கூட்டத்தில சொல்லாமல் விட்டது என்ர பிழை."
மேசை லாச்சியிலிருந்து அந்தக் கடைசித் தாளை எடுத்துக் கொடுத்தேன். கண்ணருகே பிடித்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.
"இது எப்ப தெரியும்?"
"ஞாயித்துக்கெழமையே தெரியுங்க சேர். நீங்க கேட்டப்ப இல்லன்னுட்டேன். நீங்க கண்டுபுடிச்சது எனக்குப் பொறுக்கலங்க."
சேர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நின்றிருந்த ராகலை பஸ்ஸில் ஏறினார். என்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. விசில் ஊதி அனுப்பினேன்.
தொட்டியடியையும் இன்றைக்கு அவரே முதலில் பார்த்துவிடுவார். எனக்கு ட்யூட்டி இரண்டு மணி வரை.