மறுகா எடு என்று சொல்லிப்போன மச்சாளுக்கு

மச்சாள்,

இன்று காலையிலிருந்து என் சேலைத் தோளில் உங்கள் மணம். வெளியே கிளம்பும்போது கைக்குட்டையில் தெளித்துக்கொள்வீர்களே, அந்த ஓடிக்கொலோன். ஸ்டேஷனில் கொழும்புக் கோச்சி ஏறுவதற்கு முன் சர்மி என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்போது ஒட்டிக்கொண்டது. உங்கள் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. போத்தலின் அடியில் கிடந்த மிச்சத்தைப் பரீட்சைக்குப் போகும் நாளுக்கென்று அவள் ஒளித்து வைத்திருந்தாளாம். என்னைக் கட்டிப்பிடிக்கிறவள் என் பேத்தி. மணக்கிறது நீங்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனம் ஆறவில்லை.

மனம் ஆறாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். என் பக்கத்துப் பிள்ளைகளின் கெட்டித்தனத்தை எடுத்து விடுவேன். கேளுங்கள். என் மகளுடைய மூத்தவன் இன்ஜினியராகிக் கட்டாரில் பாலம் கட்டுகிறான். அவனுக்கு இளையவள் தாதிப் படிப்பு முடித்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். நான் வார்டுக்குள் போனால் கதிரை எடுத்துப் போடுகிறார்கள். கடைக்குட்டி ஓட்டத்தில் மாகாணத்திலேயே இரண்டாவது. முதலாவதாக வந்தவனுக்குக் கால் நீளம், வேறொன்றுமில்லை. இந்த மூன்று பேரும் முழுக்க என்னுடையவர்கள். இவர்களில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

சர்மியில்தான் நமக்குள் பங்கு. என் மகனுக்கும் உங்கள் மகளுக்கும் பிறந்த ஒற்றைப் பிள்ளை. அந்தப் பங்கிலும் பெரிய பாதி உங்களுக்கே போய்ச் சேர்ந்தது.

நம் பக்கத்து வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போக வேண்டும். என் மகளுக்கும் அப்படி ஒருவர் வந்து, இங்கே பெரியகல்லாற்றில் என்னோடுதான் இருக்கிறார். ஆனால் என் மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன்னாமுனைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவனுக்குப் பிறக்கப்போகிற பிள்ளையும் அந்தப் பெட்டியோடு போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கோயிலில் குடி கேட்டால் சர்மி தாய்வழியாக உங்கள் குடியைத்தான் சொல்வாள். காய்ச்சல் வந்தால் அம்மம்மா. பல்லு விழுந்தால் அம்மம்மா. பெரியபிள்ளையானபோதும் முதல் தண்ணீர் வார்க்க முன்னுக்கு நின்றது நீங்கள். நான் பின்னால் நின்று தட்டம் பிடித்தேன்.

நான் நண்டும் றாலும் பையில் போட்டுக்கொண்டு, கல்லடிப் பாலம் தாண்டி, டவுனில் இறங்கி வேறு பஸ் பிடித்து வந்து சேருவேன். நீங்கள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பீர்கள்.

“வாங்க மச்சாள். என்ன, விருந்தாளி போல வாசல்ல நிக்கிறீங்க?”

விருந்தாளி! பெற்ற மகன் இருக்கிற வீட்டில். நானும் விடமாட்டேன்.

“எங்கட மகன் மெலிஞ்சி போயிட்டான் எண்டு கேள்விப்பட்டு வந்தன்.”

“மெலிஞ்சா? போன மாசம் தைச்ச சேட்டு பூட்ட ஏலாம கிடக்கு. எங்கட வீட்டுச் சோறு அப்பிடி.”

“அது எங்கட வாவி மீன்ல வளந்த உடம்பு, மச்சாள். சோத்துல வந்ததில்ல.”

சர்மி நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் போய் உங்கள் மடியில் தலை வைப்பாள்.

அவள் சட்டம் படிக்க வேண்டும் என்று எப்போது ஆசைப்பட்டாள் என்று கேட்டால் எல்லோரும் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பின்னேரங்களில் பேப்பரில் வருகிற வழக்குச் செய்திகளை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சரி, வாசித்தது நீங்களாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு நாள் பஸ்ஸில் மிச்சக் காசு தராத கொண்டக்டரோடு அந்தச் சின்னப் பிள்ளை வாதாடி, பஸ்ஸே கைதட்டியதே, அந்த வாய் யாருடைய வாய்? உங்கள் வீட்டில் அப்படி ஒரு வாய் உண்டா? நீங்களே எத்தனை தரம் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறீர்கள், “மச்சாள், உங்கட வாய்க்கு முன்னால ஆர் நிக்க ஏலும்?” என்று. நீங்கள் அதைப் புகழாகச் சொல்லவில்லை. இருந்தாலும் நான் அதை வைத்திருக்கிறேன்.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையை அவள் முதல் தரம் எழுதியபோது கொஞ்சப் புள்ளியில் தவறிப்போனது. அந்த முடிவு வந்த கையோடுதான் நீங்களும் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். அவள் உடைந்துபோயிருந்தாள். அடுத்த பரீட்சைக்கு உடனே விண்ணப்பம் போடுவதா, ஒன்றிரண்டு வருடம் விட்டு நன்றாகப் படித்துக்கொண்டு போடுவதா என்பதுதான் அவள் கேள்வி. நானும் அங்கேதான் இருந்தேன், உங்கள் கட்டிலின் கால்மாட்டில், தோடம்பழம் உரித்துக்கொண்டு. அவள் என்னைக் கேட்கவில்லை. உங்கள் காதுக்குக் குனிந்தாள்.

“அம்மம்மா, வாற சோதினைய எடுக்கவா, விடவா?”

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். அவள் கையைத் தேடிப் பிடித்தீர்கள்.

“மறுகா எடு, மனே.”

அதற்குள் தாதி ஊசியோடு வந்துவிட்டாள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். பிறகு நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசும் நிலையிலும் இல்லை. அந்தக் கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுகா என்பது நம் வாயில் நாள் முழுக்கப் புழங்குகிற சொல். பிறகு என்றும் அதற்குக் கருத்து. திரும்பவும் என்றும் கருத்து. சொல்கிறவர் பக்கத்தில் இருந்தால் இடத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். நீங்களோ சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அவள் அதைப் பிறகு என்று எடுத்துக்கொண்டாள். எவரிடமும் கேட்கவில்லை. உங்கள் துக்கத்தோடு அந்த வருடம் கழிந்தது. புத்தகத்தைத் தொட்டதும் இல்லை, விட்டதும் இல்லை. இந்த முறை விண்ணப்பம் போடக் கடைசி நாள் கிட்டிய நேரத்தில் பஸ் ஏறி என்னிடம் வந்தாள். ஆலோசனை கேட்க வருகிறாள் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் முடிவைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

“அப்பம்மா, இந்த முறை நான் போடல்ல. வங்கி ஒண்டுல வேலை கிடைச்சிருக்கு. போகப்போறன்.”

“அப்ப சட்டம்?”

“அது மறுகா பாப்பம். அம்மம்மாவும் அப்பிடித்தானே சொன்னவ.”

“கொப்பன் என்ன சொல்றான்?”

“ஏசுறார். வேலைக்குப் போனா சோதினையும் போச்சு, எல்லாம் போச்சு எண்டு.”

“அவன் சொல்றது சரி. நானும் அதைத்தான் சொல்றன் புள்ள. இப்பவே போடு. விழுந்தா விழு, எழும்பலாம்.”

அவள் என் கையைப் பிடித்துச் சிரித்தாள். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

“நீங்க எல்லாத்துக்கும் அவசரம்தானே அப்பம்மா. அம்மம்மா ஒண்டு சொன்னா யோசிச்சித்தான் சொல்லுவா.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? உயிரோடு முன்னால் நிற்கிறேன். வாய் நோகச் சொல்கிறேன். இல்லாத உங்கள் ஒற்றைச் சொல்லுக்கு முன் என் சொல் எடுபடவில்லை. இதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவேன் என்று அடுப்படிக்குள் போனேன். சோற்றைப் போட்டு, கணவாய்க் கறியை ஊற்றி, அவள் முன்னால் வைத்தேன். சாப்பிட்டாள். தட்டு காலியாகிற நேரம், வழக்கம்போல இன்னும் ஒரு அகப்பை போடப் போனேன். அகப்பை பாதி வழியில் நின்றுவிட்டது. நீங்கள் சோறு போடுகிற விதம் ஞாபகத்துக்கு வந்தது, மச்சாள்.

“சர்மி, உன்ட அம்மம்மா சோறு போடக்குள்ள என்ன சொல்லுவா?”

“மறுகா எண்டுவா.”

“சொல்லிப்போட்டு அடுத்த நாளா போடுவா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க அப்பம்மா, வேணாம் எண்டு கையை வைக்க முன்னம் தட்டுல விழுந்திடும்.”

“நீ வெயிலுக்குள்ள முத்தம் கூட்ட இறங்கினா?”

“பொறகு கூட்டு மனே எண்டுவா.”

“கடைக்குப் போக வெளிக்கிட, மழை வந்தா?”

“பொறகு போ மனே...”

சிரிப்பு அப்படியே நின்றது. நான் அகப்பையைச் சட்டியில் வைத்தேன்.

“அவட வாயில தள்ளிப்போடுறதுக்குச் சொல் பொறகு. மறுகா எண்டா இன்னொரு தரம், உடனே. ஆஸ்பத்திரியில உன்ட கையைப் பிடிச்சிச் சொன்னது எது?”

அவள் மிச்சச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

“மறுகா.”

“உனக்குப் பயம் புள்ள. விழுந்த பயம். அதால பொறகு எண்டு கேட்டிருக்கு.”

எச்சில் கையோடு அழுதாள். நான் தடுக்கவில்லை. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தாள். எதையெதையோ நிரப்பினாள். தகப்பனுக்குக் கோல் எடுத்துச் சான்றிதழ்களைக் கேட்டாள். வெயில் தாழ்வதற்குள் விண்ணப்பம் போய்விட்டது. அடுத்த நாள் வங்கிக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இனித்தான் கேளுங்கள். அவளைக் கூட்டிப்போக மகன் மோட்டார் சைக்கிளில் வந்தான். சந்தோசம் தாங்காமல் என்னைக் கேட்டான்.

“என்னம்மா செய்தீங்க? நாங்க தலைகீழா நிண்டும் அசையாதவள்!”

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தேன். அவள் முந்திவிட்டாள்.

“அம்மம்மாதான் எடுக்கச் சொன்னவ அப்பா. நான்தான் பிழையா விளங்கிட்டன்.”

பார்த்தீர்களா? சோறு போட்டது நான். சொல்லைப் பிரித்துக் கொடுத்தது நான். பேர் உங்களுக்கு. அன்றிரவு சாப்பாடே இறங்கவில்லை. என் மகள் வந்து, “ஏன்மா, அவள் சோதினை எடுக்கிறாள்தானே, உங்களுக்கு அதுதானே வேணும்?” என்றாள். அதுதான் வேணும். அதோடு இன்னொன்றும் வேணும். அதை மகளிடம் சொல்ல முடியுமா?

ஆனால் ஒன்று, மச்சாள். அந்தச் சொல்லை உங்கள் மடியில் கிடந்து வளர்ந்தவள் தவறவிட்டாள். உங்கள் சொந்த மகளும் தவறவிட்டாள். எனக்குத்தான் பிடிபட்டது. ஏன் என்று பல நாள் யோசித்தேன். அவர்களுக்கு உங்கள் பேச்சு வீட்டுச் சத்தம், கேட்டுக்கொண்டே இருக்கலாம். நான் அப்படியா கேட்டேன்? எந்தச் சொல்லில் குத்தல் இருக்கிறது, எதற்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கண்ணும் காதுமாக உட்கார்ந்து கேட்டவள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுவதையும் மறுபடி சொல்லிப் பார்த்து, இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று பல்லைக் கடித்தவள். அதனால் உங்கள் பேச்சு ஒன்று விடாமல் என்னிடம் கிடக்கிறது. நீங்கள் ‘மச்சாள்’ என்று இழுக்கிற இழுப்பில் எது உபசாரம், எது நக்கல் என்று பிரித்துச் சொல்ல இந்த ஊரில் இனி நான் ஒருத்திதான். எரிச்சலில் சேர்த்து வைத்ததுதான். ஆனாலும் பத்திரமாக இருக்கிறது.

இன்று காலை பரீட்சைக்குப் போகிறவளை வழியனுப்ப மட்டக்களப்பு ஸ்டேஷனுக்குப் போனேன். துணைக்கு மகனும் கொழும்புக்குப் போகிறான். கோச்சி வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் என் போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் எனக்குக் கோல் எடுக்கிற நேரமெல்லாம் அதில் உங்கள் முகம் வருகிறது, மச்சாள். அவள் பேருக்கு மேல், வட்டத்துக்குள், மூக்குத்தியோடு நீங்கள். மணி அடித்தால் என் மகளுடைய கடைக்குட்டி, “அம்மம்மா, உங்களுக்குத் தன்னாமுனை அம்மம்மா கோல் எடுக்கிறா” என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறான்.

“புள்ள, இதுல ஒரு புதுப் படம் போடு” என்றேன்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எனக்குள் இருப்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

“ஆர்ட படம்? உங்கட படமா?”

ஓம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“உன்ட படம். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நிக்கிற படம்.”

“ஐயோ அப்பம்மா, முதல்ல இந்தச் சோதினை பாஸாக வேணும். மறுகாவும் எத்தனையோ வருசம் கிடக்கு.”

“கிடக்கட்டும். அதுவரைக்கும் அவ இருக்கட்டும்.”

அப்போதுதான் என்னைக் கட்டிப்பிடித்தாள். கோச்சி வந்தது. ஏறிப்போனாள்.

இருங்கள் மச்சாள், அந்த வட்டத்துக்குள் சௌகரியமாக இருங்கள். நீங்கள் எடுத்தால் நானும் மரியாதையாகப் பேசுவேன். ஆனால் கறுப்புக் கோட்டுப் படம் வருகிறபோது இடம் விட வேண்டும், சொல்லிவிட்டேன். அந்தப் படத்தில் அவளுக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன். நல்ல சேலை ஒன்று எடுத்து வைத்தாயிற்று. நாள் பிந்தாமல் அந்தப் புதுப் படத்தைப் போடச் சொல்லி அவளிடம் நீங்களும் ஒரு சொல் சொல்லுங்கள். உங்கள் பேச்சைத்தானே கேட்கிறாள்.