துரைசானி உன்னிடம் சொல்லச் சொன்னது

என் அன்பு அம்மைக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், கூட்டாமல் குறைக்காமல். உன்னிடம் ஒன்று சொல்லும்படி ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்கிறேன் என்று நானும் தலையாட்டிவிட்டேன். எழுதுவதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது? இதை யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

நீ போனபின் மூடிக் கிடந்த நம் சாப்பாட்டுக் கடையை அப்பா இந்த வாரம் திறந்தார். "நடந்தா நடக்கட்டும் மக்களே. இல்லேன்னா அத்தை ஊருக்குப் போயிருவோம்" என்று என்னிடம் சொன்னார். அத்தை ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் வழி முழுவதும் ஓடி வந்து இலை துடைத்தேன்.

பழைய ஆட்கள் வந்தார்கள். ஒரு நாள் சாப்பிட்டார்கள், மறுநாள் வரவில்லை. அப்பாவின் சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது, புளியும் இருந்தது. நீ வேறு என்ன போடுவாய் அம்மா?

இன்று சனிக்கிழமை. மத்தியானம் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கன்னியாகுமரிக்குப் போகிற ஒரு துரையும் துரைசானியும் இறங்கினார்கள். "நாட்டுச் சாப்பாடு தின்னு பாக்கணுமாம்" என்றார் டிரைவர். "கொச்சே, ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமல்லோ, ஒண்ணு பறஞ்சு குடு" என்று என்னை எடுத்துச் சொல்லச் சொன்னார்.

இலையில் தெளிக்க வைத்த தண்ணீரைத் துரை குடித்துவிட்டார். பச்சை மேசைத்துணி அழகாக இருக்கிறது என்றார். அதன்மேலேயே சோறு விழுந்ததும் அண்ணாந்து அப்பாவைப் பார்த்தார். ரசம் ஓட ஓட, துரைசானி சோற்றால் அணை கட்டினாள். காரத்தில் கண்ணில் நீர் வடிந்தது. ஆனாலும் இருவரும் ஒரு பருக்கை விடாமல் தின்றார்கள்.

இலை காலியானதும் அப்பா மறுபடி சோறு போட்டார். அதையும் தின்றார்கள். மறுபடி போட்டார்.

"வெள்ளைக்காரனுக்கு வயிறா, வண்டியா?" என்று டிரைவர் வாசலிலிருந்து கேட்டார்.

"சும்மா கெடயும் வேய். விருந்தாளி எலை காலியா இருக்கப்பிடாது" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போனபின் அப்பா சிரித்து இன்றுதான் பார்த்தேன். கடை நடந்துவிடும் என்று அப்போது நினைத்தேன்.

துரைசானி என் பக்கம் குனிந்து, மிச்சம் வைத்தால் சமைத்தவருக்கு அவமானம் அல்லவா, இது எப்போது முடியும் என்று மெல்லக் கேட்டாள். பாவம், மூச்சு வாங்கியது. எங்கள் ஊரில் போதும் என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கையை இலைக்குக் குறுக்கே வைக்கவேண்டும் என்று விளக்கினேன். என் இங்கிலீஷ் அவளுக்குப் புரிந்தது.

அப்பா ரச வாளியோடு வந்து குனிந்தார். துரைசானி வாய் பேசாமல், விரல்களை விரித்து, கையை இலைமேல் மறித்தாள். நீலநரம்பு தெரிகிற மெலிந்த கை.

கடைசி நாட்களில் கஞ்சிக் கிண்ணத்தின்மேல் நீ அப்படித்தான் வைப்பாய். உன்னால் பேச முடியாது. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று அப்பா கெஞ்சுவார். நீ கையை எடுக்கமாட்டாய்.

அப்பா அசையாமல் நின்றார். சாய்ந்த கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டியது. கை மறித்தாலும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்வது நம் வழக்கம். அப்பா கேட்கவில்லை. வாளியை அங்கேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். மோர் ஊற்றியது நான்தான்.

கிளம்பும்போது துரைசானி அடுப்படிப் பக்கம் கையைக் காட்டி, "உன் அம்மாவின் சமையல் மிகவும் நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்" என்றாள். உள்ளே நீ இருப்பதாக நினைத்துக்கொண்டாள். அவளிடம் நான் என்ன சொல்ல? சொல்கிறேன் என்றேன். இதோ, சொல்லிவிட்டேன்.

கார் போனபின் அப்பா வெளியே வந்தார். "நாளைக்கு அடுப்பு பத்தவைக்காண்டாம் மக்களே" என்றார்.

"பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன்.

"எனக்கு முடியல்லே" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. என் புத்தகங்களைப் பழைய வேட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். அத்தை வீட்டில் அவற்றை எங்கே வைப்பது?

சாயங்காலம் மீதிச் சோற்றை இலையில் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். ஒரு பிடிகூடத் தொடாமல் கையை மறித்தார். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்றேன். கையை எடுக்கவில்லை.

நாளைக்கும் கேட்பேன் அம்மா. அத்தை வீட்டிலும் கேட்பேன். எத்தனை தடவை மறித்தாலும் கேட்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் கடை விளக்குகளை அப்பா அணைத்துவிட்டார்.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்