பெரிய படகுக்கு இரண்டு பேர்

மச்சான்,

இன்று காலை காரின் காப்புறுதிக் காகிதத்தைத் தேடி அலமாரியின் கீழ்த்தட்டைக் கிளறினேன். அந்தக் கையுறைகள் அகப்பட்டன. படகின் பாய்க் கயிறு இழுத்துக் கை எரிகிறது என்று நான் சாக்குச் சொன்னதும், மறுநாளே லுமுட்டில் நீ வாங்கிவைத்த ஜோடி. கடைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஒரு நாளும் நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை என்பது உனக்குத்தான் தெரியுமே.

பதினோரு வருஷம் லுமுட் படகுத்துறையில் அந்த வெள்ளைக்காரக் கிழவரின் இரண்டு பாய்மரப் படகுகளையும் கழுவித் துடைத்துக் காவல் காத்தாய். முழங்கால் தேய்ந்து, மகளோடு இருக்கலாமென்று ஊருக்குக் கிளம்பியவர், "இரண்டில் ஒன்று உனக்கு, எது வேண்டுமோ எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். நீ அன்றைக்கே எனக்குப் போன் போட்டு ஈப்போவிலிருந்து வரவழைத்தாய். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கிடந்தன. சின்னதில் ஒரே பாய், உட்கார ஒரு பலகை. பெரியது அதைப்போல இரண்டு மடங்கு. இரண்டு பாய், உள்ளே படுக்க அறை, கால் நீட்ட இடம்.

நீ சின்னதன் விளிம்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாய்: "இதே போதும் மச்சான். ஒரு ஆளே ஓட்டிட்டுப் போலாம். பெருசுக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தன் சுக்கானப் பிடிக்கணும், ஒருத்தன் பாயப் பாக்கணும். விரலுக்கேத்த வீக்கம்லா."

அந்தப் 'போதும்' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோலா கங்சார் பக்கத்தில் நம் அப்பாக்கள் வேலை பார்த்த தோட்டத்தை விற்றபோது, லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்கு இரண்டு வகை வீடு காட்டினார்கள். எது வேண்டும் என்று கணக்கெழுதும் கிராணி கேட்டதற்கு உன் அப்பாவும் என் அப்பாவும் தலையைச் சொறிந்துகொண்டு, "நமக்குச் சின்னதே போதுங்க" என்றார்கள். அந்த இரண்டு அறையில் நாங்கள் எட்டுப் பேர் படுத்தோம். பக்கத்து வீட்டில் நீங்கள் ஏழு பேர். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதைக் கொண்டுவந்து உன் படகில் ஏற்றினேன்.

"எத்தன காலத்துக்குடா சின்னது? ஆயுசுக்கு ஒரு தடவ எது வேணும்னு ஒருத்தன் கேக்குறான். பெருச எடு."

"ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது?"

"நான் இருக்கேன்லா. எல்லாச் சனிக்கிழமையும் வாரேன்."

நீ போய்க் கிழவரிடம் பெரியதைச் சொல்லிவிட்டாய். படகை நம்பி இல்லை, என்னை நம்பி.

மூன்று சனிக்கிழமை வந்தேன். மூன்றிலும் வாந்தி. மீன்பிடிப் படகுக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, முகம் கழுவத் தண்ணீர் ஊற்றினாய். "போகப் போகப் பழகிடும் மச்சான்" என்றாய். எனக்குக் கடல் என்றாலே பயம். அதைச் சொல்லியிருந்தால் நீ அந்த நிமிஷமே மாற்றிக்கொண்டிருப்பாய். சின்னது அப்போது விலைபோகாமல் அதே துறையில்தான் கிடந்தது, கிழவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவ்வளவு பேசிய வாயால் பயம் என்று எப்படிச் சொல்வது? தலைவலி என்றேன், கார் சரியில்லை என்றேன், கை எரிகிறது என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ போனில், "நாளைக்கு வரியா?" என்றாய். "வாரேன்" என்றேன். காலையில் எழுந்து வாசலில் காரைக் கழுவினேன். சமையலறை ஜன்னலில் போன் மூன்று தரம் அடித்தது. நீதான் என்று தெரியும். நான் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நீ தனியாகக் கிளம்பினாய். மத்தியானம் காற்று ஏறியது. பங்கோர் தீவுப் பக்கம் படகு பாதி இறங்கிய பாயோடு மிதந்து கிடந்தது. பாயை இறக்கச் சுக்கானை விட்டுவிட்டு முன்னால் போனவர் தவறி விழுந்திருக்கிறார் என்றார்கள். கூட ஒரு ஆள் இருந்திருந்தால் என்று ஒருவர் ஆரம்பித்து, உன் மனைவி அழுகிற சத்தம் கேட்டு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் உன்னைக் கொண்டுவந்தார்கள்.

உன் போன் உன்னோடு தண்ணீரில் போய்விட்டது. அதனால் நீ என்னைக் கூப்பிட்டது உன் மனைவிக்குத் தெரியாது. காரியம் முடிந்த அன்று அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீங்க வாரேன்னு சொல்லியிருந்தீங்களா அண்ணே?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு அன்னைக்கு நாசி லெமாக் ரெண்டு பொட்டலம் கட்டச் சொன்னாரு?"

"பசிக்கும்னு நெனச்சிருப்பான்" என்றேன். வெட்கமாக இருக்கிறது மச்சான். வராமல் போனதைக்கூட ஏதோ ஒரு நாள் எனக்கு நானே மன்னித்துக்கொள்வேன். அந்த 'இல்லம்மா'வை என்னால் முடியாது. உன் வீட்டில் இன்றும் எனக்குத்தான் முதல் இலை. "அவருக்கு உங்களவிட்டா யாரு இருந்தா" என்பாள். உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஒவ்வொரு திதிக்கும் படையலில் இரண்டு பொட்டலம் வைக்கிறாள். "ரெண்டாவது யாருக்குனு இன்னைக்கும் தெரியல. அவரு கேட்டாருல்ல, அதான்." போன வாரம் நடந்த திதியில், படைத்து முடிந்ததும் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"வருஷா வருஷம் வீணாப் போவுது. நீங்களே சாப்பிடுங்கண்ணே."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் இலையைப் பிரித்து, முட்டையை என் பக்கம் திருப்பி வைத்தாள். தேங்காய்ப்பால் சோறு இன்னும் சூடாக இருந்தது. எனக்கென்று நீ கட்டச் சொன்னதை, எனக்கில்லாததுபோல, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் சம்பல் வைக்கவா அண்ணே?"

"போதும்மா" என்றேன்.