ஃபேனை நிறுத்திய வகுப்பு

அன்புள்ள சிநேகிதிக்கு,

இன்று மதியம் ஆய்வகத்தில் ஃபேன்களை நிறுத்தினேன். டெல்லியின் ஆகஸ்ட் புழுக்கம் உனக்குத் தெரியாததா? புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூடவே நீயும் வந்து நின்றாய்.

நீ எங்களை விட்டுப் போன பிறகு நடந்த முதல் செய்முறை வகுப்பு இது. நரம்பியலுக்கு உன் இடத்தில் புதிய பேராசிரியர் இன்னும் வரவில்லை. வீடியோ போட்டுக் காட்டினால் போதாதா என்று கல்லூரி முதல்வர் கேட்டார். நான் எடுக்கிறேன் என்று என் வாய் முந்திக்கொண்டது. இன்று சொதப்பினால் இனி என்றைக்கும் வீடியோதான் என்று சொல்லிவிட்டார். நானோ இயற்பியல்காரி.

என் வீரம் உனக்குத்தான் தெரியுமே. நரம்பின் துடிப்பைச் சத்தமாக்கும் அந்தச் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியைச் செய்து கொடுத்ததோடு சரி, கரப்பான்பூச்சி டப்பா பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. "கரன்ட்டுக்குப் பயப்படாதவ கரப்பானுக்குப் பயப்படுறா பாரு" என்று பிள்ளைகள் முன்னாலேயே என் மானத்தை வாங்குவாய். ஐஸ் தண்ணீரில் மயங்கிய பூச்சியின் ஒரு காலை எடுத்து, இரண்டு குண்டூசி குத்தி, என் பெட்டியோடு இணைப்பாய். முதல் தடவை 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான் கேட்டது. அது ஃபேன்களில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சுவிட்சுப் பக்கம் ஓடினாய். "ஜல்தி! எல்லா ஃபேனையும் நிறுத்து. நரம்பு பேசட்டும்!"

பெரிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று உன்னை அழைத்தபோது, கரோல் பாக்கில் தோசை சாப்பிட்டபடி நான் மன்றாடினேன். "போயேன்டி. பாடம் எடுக்க வேண்டாம், எலிகளோட நிம்மதியா இருக்கலாம்."

"எலி கேள்வி கேக்காதுடி" என்றாய்.

காலையில் எலிகளின் ஞாபகசக்தி ஆராய்ச்சி, மதியம் இளங்கலைப் பிள்ளைகள் என்று கடைசிவரை ஓடினாய். உடம்பு முடியாமல் நீ வகுப்புக்கு வந்த நாட்களில் உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

இன்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நானே பூச்சியைப் பிடித்து, ஐஸ் தண்ணீரில் போட்டு, ஒரு காலை எடுத்துக் குண்டூசி குத்தினேன். நம்பு. ஃபேன் நின்றதும், "மேம், கர்மீ மே மர் ஜாயேங்கே!" வெக்கையில் செத்தே போவார்களாம், ஒரே கூச்சல். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண், பல்குச்சியால் அந்தக் காலின் முள்ளைத் தொட்டாள். பெட்டியிலிருந்து கடுகு வெடிப்பதுபோல் சடசடவென்று சத்தம் வந்தது. கூச்சல் அடங்கிவிட்டது. வாசலில் நின்ற முதல்வர்கூட வியர்வையைத் துடைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "மேம், உடம்புதான் இல்லையே. இந்தக் கால் யாருக்குச் சேதி சொல்லுது?"

உன் பதில்தான் வாயில் வந்தது. "தெரியல. வா, பார்க்கலாம்." நீ சமாளிக்கிறாய் என்று நான் கேலி செய்த அதே பதில்.

முதல்வர் வீடியோப் பேச்சையே எடுக்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். கால் எவ்வளவு நேரம் பேசும் என்று பார்க்க வேண்டுமாம். பூச்சிகளை அவர்களே பிடித்து வருவார்களாம், பிழைத்தேன். ஃபேனை மட்டும் நான்தான் நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டேன்.