வெயிலில் நின்ற பாவு

ஜூன் 3

சேத்துப்பட்டு ரோட்டோரம் நாங்கள் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டுகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். சோலார் தகடு வைக்கப்போகிறார்களாம். காலி இடமாம்! விடிகாலையில் எங்கள் தெருவே அங்கேதான் நிற்கிறது. பாவை நீட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவோம். மாடு தடுக்குமே என்று முளைக்குச்சியைக்கூடப் பிடுங்கிவிடுவோம். அளந்தவர்கள் வந்தது நடுப்பகலில். அப்புறம் எப்படித் தெரியும்?

ஜூன் 5

கோடு போட்டவர்களின் ஆபீசுக்குப் போனோம் — நானும் என் வீட்டுக்காரர் சுதாகரும் பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாளும். பாவு நீட்டியிருக்கிற போட்டோவைப் போனில் காட்டினேன். "இது எந்த ரோடோ, யாருக்குத் தெரியும்?" என்றார் இன்ஜினியர். பற்றிக்கொண்டு வந்தது. சோலார் வேண்டாம் என்று யார் சொன்னது? கரண்ட் போனால் இருட்டில் தறியில் உட்கார்ந்திருப்பது நான்தானே! எதிர்ப்பக்கம் முள் மண்டிக் கிடக்கிறது, அங்கே வையுங்கள் என்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நேரில் வருகிறாராம்.

ஜூன் 9

ஏழு மணி — ஆள் இல்லை. எட்டு மணி — இல்லை. மற்றவர்கள் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பாவு மட்டும் நின்றது.

"சுத்திடலாம் துர்கா. நூலு முறுகுது, கெட்டுப்பூடும்" என்றார் வீட்டுக்காரர்.

"சுத்தினா அந்தாளு வந்து காலி எடம்னு எழுதிகினு பூடுவாரு. இருக்கட்டும்."

"ஒனக்கு இன்னா பைத்தியமா?"

ஆமாம், பைத்தியம்தான்.

உச்சிவெயிலில் ஜீப் வந்தது. இன்ஜினியர் இறங்கி, பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "இவ்ளோ நீளமா! மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

என்ன சொல்வது இந்த மனிதரை! காய்ந்து விறைத்த பாவைச் சுருட்டப் போனேன்.

ஜூன் 10

வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை.

ஜூன் 21

எதிர்ப்பக்கம் முள்ளை வெட்டுகிறார்கள். எங்கள் இடம் தப்பியது. தெருவே சந்தோஷமாக இருக்கிறது. வெயிலில் காய்ந்த என் பாவோ, ஒரு சாண் நெய்வதற்குள் பத்து இடத்தில் அறுகிறது. அவர் சோற்றைத் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை இல்லாமல் எழுந்து போகிறார். நான் எனக்காக மட்டுமா செய்தேன்?

ஜூலை 4

எதிர்ப்பக்கம் தகடுகள் வைத்தாகிவிட்டது. இந்தப் பக்கம் விடிகாலையில் அபிதகுசாம்பாள் பாவு நீட்டினாள். நான் போகவில்லை. பழைய பாவே இன்னும் தறியை விட்டு இறங்கவில்லை.

மத்தியானம் மறுபடி அறுந்தது. தறியை ஓங்கித் தட்டினேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோவத்துல தட்டாத. இன்னும் அறுந்துடும்."

சொல்லிவிட்டு அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார். அந்தக் கோபத்தில்தான் இடமே மிஞ்சியது என்று வாய்வரை வந்தது. அடுத்த இழையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.