வரைபடத்தில் முழுதாக நிற்கும் தூண்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அப்பாவுக்கு மூட்டு வலி தேவலை, வலி குறைந்ததும் வாய் கூடிவிட்டது. போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதி, இப்போதே படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கொடுக்கிறேன். நாலு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் மேட்டைப் பார்க்கிறேன், திரும்பி வருவதற்குள் பால் பொங்கி வழிகிறது.

உன் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, மழைக்குப் பிறகு அந்த மேட்டின் உச்சியில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. பார்க்க வந்த என்ஜினீயர் பழைய சுரங்கத்தின் வரைபடத்தை விரித்து, அடியில் நிலக்கரித் தூண்களெல்லாம் முழுசாக இருக்கின்றன, மேடு இறங்காது, சரியாது என்று தெருவுக்கே தைரியம் சொன்னார். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், நான் மட்டும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது நான் வரைந்த படம். நான் அந்தச் சுரங்க ஆபீசில் வேலை பார்த்த கடைசி வருஷம், மூடப்போகிற சுரங்கம்தானே என்று, கூரையைத் தாங்க விட்டிருந்த தூண்களையும் பக்கவாட்டில் செதுக்கிக் கரி எடுத்தார்கள். படத்தில் பழையபடியே இருக்கட்டும் என்றார் மேனேஜர். நானும் ஸ்கேல் வைத்து, முழுத் தூண்களாகவே அழகாக வரைந்து கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அப்போது மேலே மேடும் இல்லை, வீடும் இல்லை. அண்ணன் மனை வாங்கும்போதாவது சொல்லியிருக்க வேண்டும், இத்தனை வருஷத்தில் மண் இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேற்றுப் போய் என்ஜினீயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். துளை போட்டுப் பார்க்கும் இயந்திரம் வர ஒரு வாரமாகும், கட்டாயப்படுத்த இன்னும் உத்தரவு இல்லை, ஆனாலும் மேட்டை ஒட்டிய முதல் வரிசைக்காரர்கள் கிளம்பிவிடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். உன் அண்ணன் மட்டும் நகரவில்லை. நான் வாசலில் நின்று கெஞ்சினேன், அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். "இந்த வீட்டுக்கு மொதக் கல்லை எடுத்து வச்சது நீதானேம்மா. அன்னைக்கு வாயத் தொறக்கல, இன்னைக்குச் சொல்றத மட்டும் நான் எப்படி நம்பறது" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டான். என் பேச்சு இனி அவனிடம் எடுபடாது. அப்பா போனால், நான் சொல்லிக் கொடுத்து அனுப்பியதாக நினைப்பான்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடுங்கள். இதைப் படித்த கையோடு அவனைக் கூப்பிடு. அம்மா பாவம் என்று எனக்காகப் பேசாதே. அவனோடு சேர்ந்து நீயும் என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, திட்டிக்கொண்டே அவர்களை அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா