தாழ்த்தி வைத்த சீட்

திருவிடந்தை
9-5-2003

சௌபாக்கியவதி மீராவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ரக்ஷாவும் அங்கே சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் க்ஷேமம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், ஒன்றும் சொல்ல முடிவதில்லை. பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் சைக்கிள் மிதித்ததில் முட்டி வலிக்கிறது என்று போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சித்திரை உற்சவத்தில் அப்பா பெருமாள் வாகனத்தைத் தூக்கத் தோள் கொடுக்கவில்லை. இனிமேலும் கொடுக்க முடியாது. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர், ஈசிஆரில் வண்டிகள் பறக்கிற வேகத்தில் எங்கே நடப்பது என்றுதான் நீ அந்த நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளை வாங்கிக் கொடுத்தாய். கூடத்தில் பெருமாள் படத்துக்கு எதிரே போட்டோம். சீட்டை ஏற்றினால் அப்பாவின் தலை படத்துக்கு மேலே போகிறது. பெருமாளுக்கு மேலே உட்கார்வதாவது என்று சீட்டைக் கடைசி ஓட்டை வரை இறக்கிவிட்டார். முழங்கால் மார்பில் இடிக்க இடிக்க மிதித்தார். பின்கட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன், உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும், நம் குழந்தை மீரா வாங்கிக் கொடுத்தது என்றார். தாத்தா மாட்டிய படத்தையும் நகர்த்தக் கூடாதாம். என்ன பிடிவாதம்! போதாததற்குப் பெடலைக் கனமாக்குகிற திருகையும் இறுக்கிக்கொண்டார், அப்போதுதான் உற்சவத்துக்குக் காலில் பலம் வரும் என்று. வலித்ததை என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒருநாள் சேவித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்தார். கேளம்பாக்கத்து ஆட்டோக்காரர் செல்வராஜ்தான் தூக்கி உட்காரவைத்தார். இன்னா சாமி, முட்டி இப்டி வீங்கிக்கீது, இத்த வச்சிகினா சைக்கிள் மிதிச்சிகினு இருந்தே என்று அவர் கேட்டதும் அப்பா வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டார். செங்கல்பட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முட்டியில் ஏற்கெனவே தேய்மானம் இருந்ததாம், இப்படி மிதித்ததில் முற்றிவிட்டதாம். நடக்கலாம், ஆனால் பாரம் தூக்கவே கூடாது என்றுவிட்டார்கள்.

பிசியோதெரபி பார்க்கிற சிநேகா சொன்னதை உனக்காகக் கேட்டு வைத்திருக்கிறேன். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும், முட்டி லேசாக மடங்கினால் போதும். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வு, பின்னால் வலித்தால் உயரம் என்று பார்க்க வேண்டுமாம். முதலில் லேசாக மிதித்து உடம்பு சூடான பிறகுதான் திருகைக் கொஞ்சம் இறுக்கலாம். பாதம் கோணக் கூடாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கவே கூடாது. அப்பா இதில் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறார்.

கருட சேவையன்று பெருமாள் நம் வாசலில் நின்றார். அப்பாவின் இடத்தில் நம் தெருப் பையன் வாசுதேவன் தோள் கொடுத்திருந்தான், நல்ல பிள்ளை, அப்பாவைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவால் விழுந்து சேவிக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னக் குழந்தை மாதிரி அழுதார் மீரா. கல்யாணமாகி வந்த நாளாக அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவரே சைக்கிளைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், சிநேகா சொன்ன உயரத்துக்குச் சீட்டை ஏற்றினார். இப்போது சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மிதிக்கிறார். அவ்வளவாக வலிக்கவில்லை என்கிறார். இறங்கியதும் துருப்பிடிக்காமல் சைக்கிளைத் துடைத்து வைக்கிறார். வாகனம் அழுத்தாமல் இருக்கத் தோளில் மடித்துப் போட்டுக்கொள்வாரே, அந்தத் துணியால்தான் துடைக்கிறார்.

எழுதினேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. தீர்க்க சுமங்கலியாக இரு, ரக்ஷாவுக்கு என் முத்தங்கள். கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாகப் போய் உன் சீட்டைப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ருக்மிணி